கல், புதைபடிவம், தொல்பொருள்: உரை முடிந்ததும் எழும் கேள்விகள்

புவியறிவியல் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் மன்றம் ஒன்றில் மாதாந்திர உரைகளை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. ஒரு மாதம் எரிமலை, அடுத்த மாதம் புதைபடிவம், அதற்கடுத்து அகழாய்வு என்று தலைப்பு மாறும். பேசுகிறவரும் மாறுவார். ஆனால் பேச்சு முடிந்து விளக்கைப் போட்டதும் வருகிற கேள்விகள் மட்டும் அநேகமாக அதேதான். கூட்டத்தில் கை தூக்கத் தயங்குபவர்கள், நாற்காலியை அடுக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்பார்கள். அவற்றை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் புதியவர்களுக்கானவை. போகப் போகச் சிக்கலாகும்.

எனக்கு அறிவியல் பின்னணியே கிடையாது. வந்து உட்கார்ந்தால் ஏதாவது புரியுமா?

புரியும். இந்தத் துறையே அப்படிப்பட்டவர்கள் கையில் வளர்ந்ததுதான். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் வாழ்ந்த மேரி ஆனிங் ஒரு தச்சரின் மகள். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. 1823-இல் பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் முழுமையான எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் அவர். வில்லியம் ஸ்மித் கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்த சர்வேயர். வெட்டிய மண்ணில் அடுக்குகள் எந்த வரிசையில் வருகின்றன என்று வருடக்கணக்காகக் கவனித்து, 1815-இல் இங்கிலாந்துக்கு நிலவியல் வரைபடமே போட்டுவிட்டார். பொறுமையாகப் பார்ப்பதும், பார்த்ததைக் குறித்து வைப்பதும் போதும். சொற்கள் மூன்று நான்கு உரைகளில் பழகிவிடும்.

நிலவியல், தொல்லுயிரியல், தொல்லியல்... மூணும் ஒண்ணுதானே? எல்லாரும் மண்ணைத்தானே தோண்டுறாங்க?

தோண்டுவது ஒன்றுதான், தேடுவது வேறு. பாறையும் நிலமும் எப்படி உருவாயின என்று கேட்பது நிலவியல். முன்பு வாழ்ந்த உயிர்களைப் பற்றிக் கேட்பது தொல்லுயிரியல். மனிதர்கள் விட்டுச் சென்ற பொருட்களை வைத்து அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பது தொல்லியல். டைனோசர் எலும்பைத் தோண்டுபவரைத் தொல்லியலாளர் என்று செய்தியில் எழுதும்போதெல்லாம் இரு தரப்புக்கும் வருத்தம்தான்.

ஆனாலும் மூன்றையும் ஒரே மன்றத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றுக்கும் அடிப்படை விதி ஒன்றே: கலைக்கப்படாத அடுக்குகளில் கீழே இருப்பது முந்தையது, மேலே இருப்பது பிந்தையது. 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ இதை எழுதி வைத்தார். பாறைக்கும் அதுதான், பழைய ஊரின் குப்பை மேட்டுக்கும் அதுதான். ஆகவே மூன்று துறையினரும் பொருளைப் பார்ப்பதற்கு முன் ‘இது எங்கே கிடந்தது?’ என்று கேட்பார்கள். கீழே வருகிற பதில்களில் பாதி இந்தக் கேள்விக்குத்தான் திரும்பி வரும்.

கல்லும் கனிமமும் ஒன்றா, வேறா?

வேறு. கனிமத்துக்கு வரையறுத்த வேதிச்சேர்க்கையும் ஒழுங்கான படிக அமைப்பும் இருக்கும். கல் என்பது பெரும்பாலும் பல கனிமங்கள் சேர்ந்த கலவை. ஒரு கிரானைட் துண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி மங்கலாகத் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பாக, தட்டையான முகத்தோடு வெளிச்சத்தில் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாக, நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிவது மைக்கா. ஒரே கல், மூன்று கனிமம்.

ஒரு கல்லைக் கொண்டு வந்து காட்டினால் பார்த்ததும் என்ன கல்லுன்னு சொல்லிடுவீங்களா?

சில நேரம். பல நேரம் முடியாது. வெளிப்புறம் வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறியிருக்கும். உள்ளே வேறு கல் இருக்கும். அதனால் புதிதாக உடைந்த முகம் ஒன்று தேவை. அப்புறம் சில எளிய சோதனைகள். ஃபிரெடெரிக் மோஸ் 1812-இல் உருவாக்கிய கடினத்தன்மை வரிசையில் நகம் சுமார் 2.5, எஃகுக் கத்தி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. கத்தி கீறினால் அது குவார்ட்ஸ் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். பளபளப்பில்லாத பீங்கான் ஓட்டின் முதுகில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம் இன்னொரு தடயம்: ஹேமடைட் என்ற இரும்புத் தாது வெளியே கருப்பாக இருந்தாலும் கோடு செம்பழுப்பாக விழும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குவது, சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் அடையாளம்.

இவ்வளவுக்கும் முன்னால் நான் கேட்பது, எங்கே எடுத்தீர்கள் என்பதுதான். ஆற்றுப்படுகையில் எடுத்த கூழாங்கல் வெகுதூரத்திலிருந்து உருண்டு வந்திருக்கும். பாறை முகத்திலிருந்து விழுந்த துண்டு, மேலே அண்ணாந்து பார்த்தால் அதன் வீட்டையே காட்டும்.

புதைபடிவம்னா எலும்பு கல்லாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

அது ஒரு வகை மட்டும். நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்காவோ கால்சைட்டோ எலும்பின் அல்லது மரத்தின் நுண்துளைகளில் படிந்து நிரப்பிவிடும். கல்மரங்கள் இப்படித்தான் உருவாகின்றன. சில கல்மரங்களில் வளர் வளையங்களைக்கூட எண்ணலாம். இலைகள் பெரும்பாலும் கரிப் படலமாக மிஞ்சும். பூச்சிகள் மரப்பிசினில் சிக்கி, அது இறுகி உண்டான அம்பரில் நிற்கும். உடலே இல்லாமல் தடம் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. தான்சானியாவின் லேட்டோலியில், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் மேல் இரண்டு காலால் நடந்தவர்களின் அடிச்சுவடுகள் இன்றும் இருக்கின்றன. குதிகால் பதிந்த ஆழம், கட்டைவிரல் அழுத்திய குழி, எல்லாம் தெரியும். எலும்புக்கூடு, அது நிமிர்ந்து நடந்திருக்கும் என்று ஊகிக்க வைக்கும். சுவடு நடையையே காட்டுகிறது.

இன்னொரு வகை அச்சும் வார்ப்பும். சிப்பி கரைந்து போகும். அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். பின்னர் வேறு கனிமம் வந்து அதை நிரப்பும். பாம்பேயி நகரில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 79-இல் சாம்பலில் புதைந்தவர்களின் உடல்கள் மக்கிப் போய் வெற்றிடங்கள் மிஞ்சின. 1863-இல் ஜியுசெப்பே ஃபியோரெல்லி அவற்றில் நீர்க்கச் செய்த ஜிப்சத்தை ஊற்றி, சாம்பலை உடைத்து எடுத்தபோது, கையால் முகத்தை மூடியபடி இறந்தவர்களின் உருவமே கிடைத்தது. அகழாய்வில் ஒரு மனிதர் செய்ததை, பாறைக்குள் நிலத்தடி நீர் செய்கிறது. இந்த ஒப்பீட்டைச் சொன்னால் சிறுவர்களுக்கும் சட்டென்று பிடிபடுகிறது.

அப்போ செத்த உயிர் எல்லாமே புதைபடிவம் ஆகிடுமா? எந்தக் கல்லை உடைச்சாலும் கிடைக்குமா?

இல்லை, மிக அரிது. செத்ததும் தின்னப்படாமல், அழுகிச் சிதறாமல், சீக்கிரம் வண்டலில் மூடப்பட வேண்டும். கடலடியில் வாழ்ந்த ஓடுள்ள உயிர்களுக்கு வாய்ப்பு அதிகம். மலைக்காட்டுப் பறவைக்குக் குறைவு. அதனால் நம் கையில் இருக்கும் பதிவே ஒரு பக்கம் சாய்ந்த பதிவுதான்.

கல்லைப் பொறுத்தவரை, மணற்கல், சுண்ணாம்புக்கல், களிப்பாறை மாதிரிப் படிவுப் பாறைகளில் தேடுங்கள். கிரானைட் உருகிய குழம்பு பூமிக்குள் ஆறி இறுகியது. அதில் உயிர் இருந்திருக்க வழியில்லை. உருமாறிய பாறைகளில் வெப்பமும் அழுத்தமும் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்திருக்கும். எரிமலைச் சாம்பல் இதில் ஒரு விலக்கு. லேட்டோலியே அதற்குச் சாட்சி.

மலை உச்சியில கடல் சிப்பி இருக்குன்னு சொல்றாங்களே, கடல் அவ்வளவு உயரம் வந்துச்சா?

கடல் மேலே ஏறவில்லை, கடலடிதான் மேலே வந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறை சுண்ணாம்புக்கல். அதில் ட்ரைலோபைட், கடல் அல்லி போன்ற கடலுயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஆழமில்லாத கடலில் படிந்த சேறு அது. இந்தியத் தட்டு ஆசியத் தட்டின் மேல் வந்து முட்டியதில் இடையில் இருந்த கடலடி நசுங்கி, மடிந்து, உயர்ந்தது. அந்த முட்டல் இன்னும் நிற்கவில்லை. மலை உயர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பாருங்கள், சில கிலோமீட்டர் வரும்.

இது பத்து கோடி வருஷம், அது இருபது கோடி வருஷம்னு சர்வ சாதாரணமா சொல்றீங்க. கல்லில் எழுதியா இருக்கு?

ஒரு வகையில் எழுதித்தான் இருக்கிறது. வயது சொல்வதில் இரண்டு படி உண்டு. முதல் படி வரிசை: எது முந்தையது, எது பிந்தையது. அதற்கு அடுக்கு விதி போதும். ஒவ்வொரு அடுக்கிலும் புதைபடிவங்களின் கூட்டம் தனித்தனி, ஒரே கூட்டம் தூரத்து இடத்தில் தென்பட்டால் அந்த அடுக்கும் அதே காலத்தது என்று வில்லியம் ஸ்மித் காட்டினார். ஒரு நூற்றாண்டுக் காலம் நிலவியலாளர்கள் எண் இல்லாமல் வரிசையை மட்டும் வைத்தே பெரிய வேலை செய்தார்கள்.

இரண்டாம் படி எண். இதற்குக் கதிரியக்கம் உதவுகிறது: யுரேனியம் போன்ற சில தனிமங்கள் மாறாத வேகத்தில் சிதைந்து வேறு தனிமமாகின்றன. சிர்கான் என்ற சின்னஞ்சிறு படிகத்தை எடுத்துக்கொள்வோம். பலவும் மணல் துகள் அளவுதான். உருகிய குழம்பில் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஒதுக்கிவிடும். அதனால் பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். மிஞ்சிய யுரேனியத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் துகள் ஒன்றுக்கு 440 கோடி ஆண்டு. பூமிக்கே 454 கோடிதான்.

படிவுப் பாறையை நேரடியாக இப்படி அளப்பது கடினம், ஏனென்றால் அதிலுள்ள மணல் வேறு பழைய பாறையிலிருந்து வந்தது. அதனால் புதைபடிவத்துக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளை அளப்பார்கள். நடுவில் இருப்பதன் வயது அந்த இரண்டுக்கும் இடையில்.

கார்பன் டேட்டிங் பண்ணி டைனோசர் வயசைக் கண்டுபிடிச்சிடலாமே?

என் நோட்டில் அதிகத் தடவை எழுதப்பட்ட கேள்வி இது. முடியாது. உயிரோடு இருக்கும்வரை செடியும் விலங்கும் காற்றிலும் உணவிலும் இருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும். இருப்பது சிதையத் தொடங்கும். 5,730 ஆண்டில் பாதி. இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியிலும் பாதி. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போனால் அளக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது.

பறவைகள் நீங்கலாக மற்ற டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அந்தக் கார்பன் 11,000 தடவைக்கு மேல் பாதியாகி இருக்க வேண்டும். ஒன்றும் மிஞ்சாது. வில்லார்ட் லிபி 1940-களின் இறுதியில் உருவாக்கி, 1960-இல் நோபல் பரிசு பெற்ற இந்த முறை, அடுப்புக்கரி, விதை, எலும்பு, துணி ஆகியவற்றுக்கானது. தொல்லியலாளரின் கருவி. டைனோசருக்கு மேலே சொன்ன சாம்பல் அடுக்கு வழிதான்.

அந்தக் கதிரியக்கக் கடிகாரம் அன்னைக்கும் இதே வேகத்துல ஓடுச்சுன்னு யார் போய்ப் பார்த்தது?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவரை யாரும் மடக்கிவிடக் கூடாது. பதில் இருக்கிறது. ஒரே சிர்கானுக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு: யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக சுமார் 70 கோடி ஆண்டு. இரண்டும் தனித்தனி வேகம், தனித்தனி ஈயம். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்புகிறோம். சொல்லாவிட்டால் அந்தப் படிகம் நடுவில் சூடாகி ஈயத்தை இழந்திருக்கிறது என்று தெரிகிறது.

போய்ப் பார்க்கவும் ஒரு வழி கிடைத்தது. 1987-இல் வானில் ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, தென்பட்டது. அது நடந்த இடம் சுமார் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால். அதாவது நாம் பார்த்தது அவ்வளவு காலத்துக்கு முந்தைய நிகழ்ச்சி. வெடிப்பில் உருவான கோபால்ட்-56 சிதைந்ததால்தான் அது ஒளிர்ந்தது. ஒளி மங்கிய வேகம், இன்றைய ஆய்வகத்தில் அளந்த சிதைவு வேகத்தோடு பொருந்தியது.

கார்பனில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. சிதையும் வேகம் மாறவில்லை. ஆனால் காற்றில் கார்பன்-14 இன் அளவு காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்திருக்கிறது. மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றில் உள்ள கார்பனை அளந்து திருத்த அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

என் கல்லுக்குள்ள செடி மாதிரி படம் இருக்கு. புதைபடிவம்தானே?

கிளை கிளையாகப் பிரிந்து கருப்பாகப் பெரணி போல இருந்தால் அநேகமாக அது மாங்கனீசு ஆக்சைடு. கல்லின் விரிசலுக்குள் ஊறிய நீர் விட்டுச் சென்ற படிவு. லென்ஸில் பாருங்கள்: நடுநரம்பு இருக்காது, இலை விளிம்பு இருக்காது, விரிசலின் ஓரத்திலிருந்து கிளைத்துக் கொண்டே போகும். எடுத்து வந்தவரின் முகம் இதைக் கேட்டதும் வாடும். எனக்கும் சொல்ல மனமிருக்காது. ஆனால் உயிரே இல்லாமல் வேதியியல் மட்டும் இப்படி ஒரு செடியை வரைகிறது என்பது எனக்குச் சலிக்காத அதிசயம்.

முட்டை போலக் கிடைப்பவையும் இப்படியே. வண்டலுக்குள் ஒரு மையத்தைச் சுற்றிக் கனிமம் இறுகி உருண்டையாகிவிடும். உண்மையான முட்டையில் ஓடு தனியாக, மெல்லியதாக, மேற்பரப்பில் சீரான புள்ளியோ வரியோ கொண்டு இருக்கும். ஆனாலும் உருண்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த மையத்தில் சில நேரம் ஒரு மீனோ நண்டோ இருக்கும்.

வானத்திலிருந்து விழுந்த கல்லுன்னு நினைக்கிறேன். எப்படி உறுதி பண்றது?

உள்ளே குமிழ்த் துளைகள் இருந்தால் பெரும்பாலும் அது உலைக் கசடு அல்லது எரிமலைக் கல். விண்கற்கள் அளவுக்கு மீறிக் கனக்கும், பெரும்பாலானவை காந்தத்தை இழுக்கும், புதிதாக விழுந்ததன் மேல் மெல்லிய கருந்தோல் இருக்கும். பீங்கான் ஓட்டில் அழுத்தமான கருப்பு அல்லது சிவப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட் அல்லது ஹேமடைட்டாக இருக்கலாம். உறுதி செய்ய ஆய்வகம்தான் வேண்டும்.

உடைஞ்ச கல்லுக்கும் கற்கருவிக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

தொடக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு கல்லை ஓரத்தில் குறிபார்த்து அடிக்கும்போது, அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு உண்டாகும். அதிலிருந்து குளத்தில் கல் எறிந்தாற்போல வளைவு வளைவாக அலைகள் பரவியிருக்கும். பிரிந்து போன செதில் விட்ட குழியில் அதே அலைகள் எதிர்மாறாக இருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். ஆனால் பாறை உருண்டு மோதும்போதும் ஒன்றிரண்டு செதில் இப்படிப் பெயரும். எனவே ஒரு வடுவை வைத்து முடிவு செய்யக் கூடாது. வடுக்கள் ஒழுங்காக, ஒரே ஓரத்தைக் கூராக்கும் நோக்கத்தோடு, இரு முகத்திலும் மாறி மாறி விழுந்திருக்கின்றனவா? அதே வடிவம் பக்கத்தில் மீண்டும் மீண்டும் கிடைக்கிறதா? இயற்கை ஒரு தடவை தற்செயலாகச் செய்யும்; இருநூறு தடவை அதே மாதிரி செய்யாது.

இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நிலப்பரப்பு அப்படியே மூடிக் கிடந்தது. ஒருவர் உட்கார்ந்து கைக்கோடரி செதுக்கிய இடத்தில் சில்லுகள் சிதறியபடியே இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றைப் பொறுமையாக ஒன்றோடொன்று பொருத்தினார்கள். யாராவது அந்தச் சில்லுகளை அழகாக இருக்கிறதென்று பத்து பத்தாக எடுத்துப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

சிக்கலான பகுதி ஒன்று: பிரேசிலில் கபூச்சின் குரங்குகள் கல்லோடு கல்லைத் தட்டும்போது, கூரான செதில்கள் தெறிக்கின்றன. அவை செதிலைக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை. 2016-இல் இது வெளியானபோது, மிகப் பழைய செதில்களை எல்லாம் மனித மூதாதையர் கணக்கில் எழுதிவிடலாமா என்ற கேள்வி வந்தது. விடை மறுபடியும் சூழலில்தான்: உடன் கிடந்த எலும்பில் வெட்டுத் தழும்பு உண்டா, கல் வேறிடத்திலிருந்து சுமந்து வரப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

அகழாய்வுக் குழி ஏன் சதுரம் சதுரமா இருக்கு? பாதியை ஏன் தோண்டாம விட்டுடுறாங்க?

குழியின் சுவர் நேராக இருந்தால் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். பொருள் எந்தச் சதுரத்தில், எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுத முடியும். தோண்டுவது என்பது ஒரே பிரதி உள்ள புத்தகத்தைப் படித்தபடியே பக்கத்தைக் கிழிப்பது மாதிரி. திரும்பப் படிக்க நாம் எழுதிய குறிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

பாதியை விடுவது வருங்காலத்துக்காக. லிபியின் முறை வருவதற்கு முன் அகழாய்வுகளில் அடுப்புக்கரியைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டார்கள்; அதில் வயது இருப்பது யாருக்கும் தெரியாது. இன்று நாம் கொட்டும் மண்ணில் நாளைக்கு என்ன படிப்பார்களோ. மண்ணிலிருந்தே பழைய டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது இப்போது நடக்கிறது.

போற வழியில கண்ணில் பட்டதை எடுத்துட்டு வரலாமா? விட்டா மழையில போயிடுமே.

முதலில் சட்டம். நாட்டுக்கு நாடு, நிலத்துக்கு நிலம் விதி மாறும்; பாதுகாக்கப்பட்ட பகுதியில் கூழாங்கல்லைக்கூடத் தொடக் கூடாத இடங்கள் உண்டு. கிளம்பும் முன் விசாரிப்பதும் நில உரிமையாளரிடம் கேட்பதும் கட்டாயம். மனிதர் செய்த பொருள் என்று சந்தேகம் வந்தால் என் பதில் ஒன்றே: தொடாதீர்கள். அளவுகோலோ பேனாவோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், தள்ளி நின்று சுற்றுப்புறத்தையும் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

அனுமதியுள்ள இடத்தில் உதிர்ந்து கிடக்கும் புதைபடிவத்தை எடுப்பதானால் எடுத்த அந்த நிமிடமே இடம், தேதி, எந்த அடுக்கு என்று சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மூன்றாவது கல்லிலேயே குழம்பிவிடும். பாறையில் பதிந்திருப்பதை நீங்களாகப் பெயர்க்க வேண்டாம். கல்லை உடைக்கும்போது கண்ணாடி அணியுங்கள். சில்லு கண்ணில் தெறிக்க ஒரு நொடி போதும்.

கொண்டு வந்ததை வினிகர் ஊத்திச் சுத்தம் பண்ணலாமா?

வேண்டாம். மேலே சொன்ன அமிலச் சோதனையை நினைத்துப் பாருங்கள். சிப்பி, ஓடு, பவளம் எல்லாம் கால்சியம் கார்பனேட். வினிகர் சுற்றியுள்ள கல்லைக் கரைக்கும் அதே வேகத்தில் அதையும் கரைக்கும். மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும்.

தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஆகாது. என்னிடம் பொன் நிறத்தில் மின்னும் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்) ஒன்று இருந்தது. ஓடு பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக, மாறியிருந்தது. கழுவிச் சரியாக உலர்த்தாமல் பெட்டியில் வைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் சாம்பல் வெள்ளைப் பொடியும் கந்தக வாடையும்தான். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் பைரைட்டை அரித்து அமிலமாக்கிவிடுகின்றன. கூட இருந்த சீட்டையும் அது தின்றிருந்தது. பைரைட் படிவம் இருந்தால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

பெட்ரோல் டைனோசரிலிருந்து வந்ததுன்னு பையன் சொல்றான். உண்மையா?

இல்லை. பெட்ரோலியம் பெரும்பாலும் கடலில் மிதந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் சேற்றில் புதைந்து வெந்து உருவானது. நிலக்கரி நிலத்துச் செடிகளிலிருந்து வந்தது. அம்பர் பூச்சியின் வயிற்றிலிருந்து டைனோசர் டிஎன்ஏ கிடைக்குமா என்பதும் அவனே கேட்கும் அடுத்த கேள்வியாக இருக்கும். கிடைக்காது, இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டிஎன்ஏ, கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து, சுமார் 20 லட்சம் ஆண்டு. ஆனால் பறவைகள் டைனோசர்களின் நேர் வாரிசு என்று சொல்லுங்கள், மகிழ்ந்து போவான்.

விஞ்ஞானிகளே பில்ட்டவுன் மனிதனில் ஏமாந்தாங்களே. இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?

ஏமாந்தது உண்மை, நாற்பது வருடம். 1912-இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் மனித மண்டையும் குரங்குத் தாடையும் கலந்த ‘மூதாதை’ கிடைத்ததாக அறிவித்தார்கள். மூளைதான் முதலில் பெரிதானது என்ற அன்றைய எதிர்பார்ப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. இதனால் உண்மையான கண்டுபிடிப்பு ஒன்று அடிபட்டது. 1924-இல் தென்னாப்பிரிக்காவின் டாங்கில் கிடைத்த குழந்தை மண்டையோட்டில் மூளை சிறிது, பற்களோ மனிதச் சாயல். ரேமண்ட் டார்ட் அதை வெளியிட்டபோது பலர் ஏற்கவில்லை.

பொய்யை உடைத்தது என்ன என்று பாருங்கள். மண்ணில் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளோரினை மெல்ல உறிஞ்சும். 1949-இல் கென்னத் ஓக்லி அளந்தபோது பில்ட்டவுன் எலும்புகளில் மிகக் குறைவாகவே இருந்தது. அவ்வளவு பழையது இல்லை. 1953-இல் முழுதும் வெளிவந்தது: தாடை ஒராங்குட்டானுடையது, பற்கள் அரத்தால் ராவப்பட்டவை, நிறம் பூசப்பட்டது. ராவிய கோடுகள் நுண்ணோக்கியில் தெரிந்தன. தேடிப் பார்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்த அடுக்கில் கிடந்தது, யார் யார் பார்த்தார்கள், வேறொரு முறையில் சரிபார்த்தார்களா என்று எங்கள் பேச்சாளர்களிடமும் கேளுங்கள். விற்பனைக்கு வரும் ட்ரைலோபைட்டிலும் இதே பார்வை வேண்டும்: லென்ஸில் சிறு குமிழ்கள் தெரிந்தால் அது பிசினில் வார்த்தது.

நானும் ஒரு உரை கொடுக்கலாமா? எனக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாதே.

கொடுங்கள். பூமியின் வரலாறு முழுவதையும் நாற்பது நிமிடத்தில் சொல்ல முயலாமல், ஒரே ஒரு பாறை முகத்தையோ ஒரே ஒரு கல்லையோ எடுத்துக்கொள்ளுங்கள். 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டில் தம் நண்பர்களுக்குக் காட்டியது ஒரு கடலோரப் பாறையைத்தான். கீழே செங்குத்தாக நிற்கும் அடுக்குகள், அவற்றின் தலையில் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கும் சிவப்பு மணற்கல். கீழடுக்கு படிந்து, இறுகி, மடிந்து, நிமிர்ந்து, தேய்ந்து, அதன் பிறகு மேலடுக்கு படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அவர் கேட்டார். ஒரு பாறை, ஒரு கேள்வி.

படங்களில் அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளை வையுங்கள். கல்லைக் கையோடு கொண்டு வந்து கூட்டத்தில் சுற்ற விடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அடுத்த மாதம் பார்த்துச் சொன்னால் போதும்.

சின்ன வயசுல அப்பா கூடப் போனப்போ எடுத்த புதைபடிவம் இருக்கு. எந்த இடம்னு ஞாபகமே இல்லை. இதுக்கு இனி மதிப்பே கிடையாதா?

இடம் இல்லாத பொருளைப் பற்றி இதுவரை கறாராகவே பேசிவிட்டேன், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் தயங்கித்தான் கேட்கிறார். ஆய்வுக்கு அதன் மதிப்பு நிறையக் குறைந்துவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதன் பின்பக்கத்தில், ஓட்டின் மடிப்பில், பழைய மண் அல்லது கல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுரண்டிக் கழுவிவிடாதீர்கள். கடல் படிவாக இருந்தால் அந்தச் சிட்டிகை மண்ணில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் இருக்கக்கூடும். அவற்றின் வகைகள் காலத்துக்குக் காலம் மாறியவை. தெரிந்தவர் நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தக் காலத்து அடுக்கு என்றும், சில நேரம் எந்தப் பாறைத்தொகுதி என்றும் சொல்ல முடியும்.

அப்பா இன்னும் இருக்கிறார் என்றால், அந்தப் படிவத்தை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். எந்தப் பாதையில் நடந்தீர்கள், பக்கத்தில் ஆறு இருந்ததா, மண் என்ன நிறம் என்று. அவர் சொல்வதை அவர் சொன்னபடியே ஒரு சீட்டில் எழுதி, ‘நினைவிலிருந்து’ என்று குறிப்பிட்டு, இன்றைய தேதியும் போட்டு அதோடு சேர்த்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டையும் எடுத்து வாருங்கள், லென்ஸ் நான் கொண்டு வருகிறேன்.